பணிப்பெண் என்கிற சொல்

அம்மாவின் போர்க்காலப் பணியைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றதும் சக பேராசிரியர் ஒருவர், “டீ ஊத்திக் குடுத்ததுல என்னம்மா ஆய்வு?” என்றார். அவர் கெட்டவர் அல்ல. நாடே இப்படித்தான் நினைக்கிறது.

1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தது. ஈராக் வழியாகப் பாலைவனம் கடந்து, ஜோர்டானின் அம்மான் நகரத்துக்கு வந்து சேர்ந்த இந்தியர்களை ஏர் இந்தியா 59 நாட்களில் 488 முறை பறந்து மீட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பயணிகள் விமான நிறுவனம் ஒன்று நடத்திய மிகப்பெரிய மீட்பு என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. 2016இல் ‘ஏர்லிஃப்ட்’ என்று இந்திப் படமும் வந்தது. கதாநாயகன் ஒரு தொழிலதிபர். வேறு யாராக இருக்க முடியும்?

அந்த விமானங்களில் என் அம்மா வேலை பார்த்தார். விமானிக்காவது பறந்த மணிக்கணக்கைச் சொல்லப் பதிவேடு உண்டு. அம்மாவிடம் இருப்பது ஒரு எல்.ஐ.சி. டைரி. தேதி, ‘அம்மான்’, பக்கத்தில் ‘பால் பவுடர் பத்தலை’. இன்னொரு நாளில், ‘கடைசி வரிசைப் பெண்ணுக்கு வலி. பம்பாய் வரை தாங்கினாள்.’ இதை நான் போர் ஆவணம் என்கிறேன்.

அப்போது அம்மாவுக்கு வயது 34. அந்த வயதில் அவர் வேலையில் இருந்ததே ஒரு வழக்கின் விளைவு. விமானப் பணிப்பெண்ணுக்கு 35 வயதில் ஓய்வு. நிர்வாகம் மனம் வைத்தால் நீட்டிப்பு. அதே விமானத்தில் அதே தட்டைத் தூக்கிய ஆணுக்கு 58. சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும். முதல் கர்ப்பத்தோடும் போகும். நர்கீஸ் மீர்ஸாவும் உடன் பணிபுரிந்த பெண்களும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1981 ஆகஸ்டில் நீதிமன்றம் கர்ப்ப விதியை ரத்து செய்தது. கல்யாணத் தடையை விட்டுவைத்தது. அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் உதவுமாம்! அடுத்த ஆண்டு நான் பிறந்தேன். தீர்ப்பு தாமதமாகியிருந்தால், அந்தப் பிரசவ வலிக்காரிக்குத் துணையாக அம்மா அங்கே இருந்திருக்க மாட்டார்.

தமிழ் படித்தவளுக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. குவைத்து வீடுகளில் பாத்திரம் கழுவிய, பாஸ்போர்ட் முதலாளியிடம் சிக்கிக்கொண்ட பெண்ணும் நம் செய்தித்தாளில் பணிப்பெண். அவளைக் கூட்டிவந்தவரும் பணிப்பெண். இரண்டு பேரும் ஒரே விமானத்தில் எதிரெதிரே நின்றார்கள். சொல்லுக்கு அவர்களிடையே வித்தியாசம் தெரியவில்லை. பார்க்கப்போனால் சம்பளம் போட்டவர்களுக்கும் தெரியவில்லை. இருவருக்கும் பணிவுதான் தகுதி, இளமைதான் முதலீடு.

இதை அம்மாவின் ஊரான வடக்குப்பட்டில் இருந்து எழுதுகிறேன். 2022இல் தொல்லியல் துறை இங்கே தோண்டிக் கற்கருவிகளை எடுத்தது. நல்ல காரியம். கல்லைச் செதுக்கிய கை யாருடையது என்று தெரியாமலேயே அதற்கு மரியாதை செய்கிறோம். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய பணியாளர் பட்டியலைத் தேடினால் சிரிப்பு வருகிறது.

விடியும் முன்பே ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. ஜன்னலோரம் தூங்கி வழியும் பெண்கள், பெரும்பாலும் இருபதைத் தாண்டாத முகங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“இங்கயும் நாலு வருஷம்தானா?” என்று கேட்டார்.