குறையைச் சொல்லி விற்போம்

எங்கட ஊரில் பழைய கார் வாங்குகிற இளசுகளுக்கு இரண்டு பட்டம்தான் இருக்கிறது. வாங்கி ஒரு மாதத்தில் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனால் ‘பேயன்’. அதே காருக்கு ஒரு பெயின்ற் அடித்து, வாங்கின விலைக்கு மேலே இன்னொருவர் தலையில் கட்டிவிட்டால் ‘சுழியன்’. முதலாவது ஆளைப் பார்த்துச் சிரிக்கிறோம். இரண்டாவது ஆளைச் சந்தியில் நிண்டு புகழுறோம். அந்தப் புகழ்ச்சியோடுதான் எங்களுக்குப் பிரச்சினை.

நாங்கள் நாலு பேர், எல்லாரும் கலைப்பீடம். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். 2023இல் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பழைய மாருதி 800 வாங்கினோம். ஒருத்தியின் சீட்டுக்காசு, ஒருவனின் அண்ணா பிரான்சில் இருந்து அனுப்பியது, மிச்சம் ரியூசன் சொல்லிக் குடுத்துச் சேர்த்தது. மொத்தம் எட்டே முக்கால் இலட்சம். ஊர் சுத்துறதுக்கு இல்லை. கலியாண வீடு, சாமத்திய வீடு எண்டு படம் பிடிக்கப் போய்த்தான் எங்களில் இரண்டு பேர் படிப்புச் செலவைப் பார்க்கிறார்கள். கமராப் பெட்டியையும் லைற்றையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாரி மழைக்குள் கிளிநொச்சிக்குப் போகேலாது.

இரண்டு வருடம் ஓடினோம், திருத்தினோம், இந்த வருடம் விற்றோம். வாங்குகிறதைப் பற்றியும் திருத்துகிறதைப் பற்றியும் ஊர் முழுக்கப் புத்தி சொன்னது. விற்கிறதைப் பற்றி மட்டும் எல்லாரும் சொன்னது ஒண்டுதான்: “வாயைத் திறவாதைங்கோ.”

ஒரு பழைய தகரத்துக்கு ஏன் இவ்வளவு காசு எண்டு கேட்பீர்கள். மற்ற நாடுகளில் காரின் வயது கூடக் கூட விலை குறையும். இலங்கையில் எங்கள் கண்முன்னாலேயே அது ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த கார்களேதான் கைமாறிக் கொண்டிருந்தன. 2022இல் ரூபாய் விழுந்தபோது, வங்கியில் கிடந்த காசை விட வளவுக்குள் நின்ற கார் பெறுமதியாக இருந்தது. எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். சரியாக ஓடாத கார் கூட அந்த 20 லீற்றருக்காக மரியாதை பெற்றது. இப்போது கதவு திறந்தும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. வரியெல்லாம் சேர்த்து வருகிற புதுக்காரின் விலை எங்கள் கதையே இல்லை. லீசிங் எடுக்கச் சம்பளச் சீட்டு வேணும். ஆக, முப்பது வருடப் பழசுதான் எங்களுக்கு எட்டுகிற கார்.

பழைய காரை ஓட்டுகிறது யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் என்று ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த கார்களை யாழ்ப்பாணம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட வைத்தது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சின்னப் போத்தலால் காபுரேற்றருக்குள் துளிப் பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். வீதி முழுக்க அந்தப் புகை மணம் எண்டு அம்மாக்கள் இப்பவும் சொல்லுவார்கள். இதைக் கேட்டு ‘எங்கட ஆக்கள் கெட்டிக்காரர்’ எண்டு புல்லரிக்கிறது சுலபம். ஆனால் அந்தக் கெட்டித்தனம் விரும்பிப் படிச்சதில்லை. வேறு வழி இல்லாமல் வந்தது. அந்தக் காலத்துக் கதைகளில் எங்களுக்குப் பிடித்தது வேறு ஒண்டு. யாருடைய கார், எந்த மெக்கானிக் பார்த்தது, எந்த எஞ்சின் எப்ப இறக்கினது என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்திருந்தது. காரின் வரலாறு காரோடு சேர்ந்து போனது.

சில கார்களில் நாட்டின் வரலாறும் சேர்ந்து போகிறது. சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துள்ள இலக்கத்தகட்டோடு இன்னும் பழைய கார்கள் ஓடுகின்றன. விற்கிறவர் அதை வயசு சொல்லத்தான் காட்டுவார். அந்த எழுத்தை எதிர்த்துத்தான் தமிழரசுக் கட்சிக்காரர் தார் பூசினார்கள் என்பதும், 1958 கலவரத்துக்கு முந்தின மாதங்களின் சூட்டில் அதுவும் ஒண்டு என்பதும் எங்கள் வயசில் பலருக்குத் தெரியாது. தகடு வரலாற்றை மறைக்கிறதில்லை. மறைக்கிறது ஆக்கள்தான்.

எங்கள் மாருதிக்கு வருவோம். வாங்க முதல் தெரிந்த மெக்கானிக் அண்ணை ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போனோம். காந்தம் பிடித்துப் பட்டி போட்ட இடங்களைப் பார்த்தோம். எண்ணெய் மூடியைக் கழட்டிப் பால் மாதிரி நுரை இருக்கா எண்டு பார்த்தோம். இருந்தால் எண்ணெய்க்குள் தண்ணி போகிறது எண்டு அர்த்தம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் காஸ்கெற்றில் சந்தேகம். முழுக்கத் திருப்பி ஓடும்போது முன் சில்லுப் பக்கம் ‘டக் டக்’ எண்டால் ஷாஃப்ற் முடிஞ்சுது. எல்லாம் பார்த்தோம். எல்லாம் சுத்தம்.

மூன்றாம் கிழமை ஆனையிறவில் சூடு ஏறி நிண்டுவிட்டது. றேடியேற்றரைக் கழட்டினால் உள்ளே சேறு மாதிரி ஒரு படை. ஒழுக்கை அடைக்க ஊத்துகிற மருந்து. அது ஒழுக்கையும் அடைக்கும், தண்ணி ஓடுகிற குழாயையும் அடைக்கும். சில கிழமைக்குத்தான் தாங்கும். விற்கிறவருக்கு அந்தச் சில கிழமை போதும். எஞ்சினுக்குள்ளும் வழக்கத்தை விடத் தடித்த எண்ணெய். அது சத்தத்தை அமுக்கும். நாங்கள் கத்தினபோது மெக்கானிக் அண்ணை சிரித்துக்கொண்டு சொன்னார்: “பிள்ளையள், இது உங்களுக்கெண்டு போட்டதில்லை. உங்களுக்கு வித்தவருக்கு வித்தவனும் போட்டிருப்பான்.”

அதுக்குப் பிறகு ஹெட் இறக்கினோம், றேடியேற்றர் மாத்தினோம், தரைத்தகட்டில் வெல்டிங் வைத்தோம். சாமான் ஸ்ரான்லி வீதியில் இல்லாட்டி பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் வரும். 796 சி.சி., மூன்று சிலிண்டர். திறந்து பார்த்தால் விளங்குகிற எஞ்சின் அது. கராஜில் முதல் மாதம் எங்கள் பெண்கள் இரண்டு பேரும் கேட்ட கேள்விக்கு எல்லாம் பதில் பெடியன்களைப் பார்த்துத்தான் வரும். ஆறாம் மாதம் பிளக்கைக் கழட்டி நிறத்தைப் பார்த்து “கலவை கூடிப்போச்சு அண்ணை” எண்டு சொன்னது அவர்களில் ஒருத்தி. பிறகு பதில் அவளுக்கே வந்தது. கார் வைத்திருந்ததில் எங்களுக்குக் கிடைத்த உருப்படியான லாபங்களில் இதுவும் ஒண்டு.

பொருளியல் படிக்கிற நண்பன் ஒருநாள் ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளரைப் பற்றிச் சொன்னான். 1970இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் உதாரணமே பழைய கார்தான். மூன்று சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாதம் எளியது. காரின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவர் எந்தக் காருக்கும் நடுத்தரமான ஒரு விலைதான் தருவார். அந்த விலைக்குத் தன் காரைக் குடுக்க, நல்ல கார் வைத்திருக்கிறவருக்கு மனம் வராது. அவர் விலகிவிடுவார். மிஞ்சுகிறது மோசமான கார்கள். வாங்குகிறவர் இன்னும் பயப்படுவார், விலை இன்னும் விழும், இன்னும் கொஞ்ச நல்ல கார்கள் விலகும்.

இதை எங்கட ஊரோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். இந்த மறைப்பு எப்போதும் கீழ்நோக்கித்தான் போகிறது. காசுள்ளவர் கொஞ்சம் பழுதானவுடன் விற்கிறார். அவரிடம் வாங்குகிறவர் அவரைவிடக் கொஞ்சம் இல்லாதவர். அவரிடம் வாங்குகிறவர் இன்னும் இல்லாதவர். ஒவ்வொருவரும் தன் நட்டத்தைச் சத்தம் போடாமல் அடுத்த கைக்குத் தள்ளுகிறார். கடைசியாக அந்த மருந்து கரைந்து எஞ்சின் நடு வழியில் நிற்கும்போது உள்ளே இருக்கிற ஆளிடம் திருத்தக் காசும் இருக்காது, தள்ளிவிட இன்னொரு ஆளும் இருக்காது. ‘சுழியன்’ எண்டு நாங்கள் புகழுகிற ஒவ்வொரு ஆளும் தன்னைவிட வறிய ஒருவரிடம் கைவிட்டுத்தான் அந்த லாபத்தை எடுத்திருக்கிறார். பெரிய முதலாளியிடம் இருந்து இல்லை.

‘ஓப்பின் பேப்பர்’ கதையும் இதேதான். உரிமை மாற்றப் படிவத்தில் விற்றவரின் கையெழுத்து மட்டும் இருக்கும், வாங்கினவர் பெயர் வெறுமையாக இருக்கும். கார் நாலு கை மாறும், பதிவுப் புத்தகத்தில் பழைய பெயரே இருக்கும். மாற்றக் கட்டணம் மிச்சம், அலைச்சல் மிச்சம் எண்டு எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் அந்தக் கார் ஒருவரை இடித்துவிட்டு ஓடினால் பொலிஸ் முதலில் தட்டுவது புத்தகத்தில் பெயர் இருக்கிறவரின் கதவை. பதிவுசெய்த உரிமையாளர் இறந்துவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ கடைசியாக வாங்கினவர் கையில் இருப்பது ஓடுகிற கார், ஆனால் அவருடையது என்று சொல்ல ஒரு கடதாசி இல்லை. காணி உறுதிக்காகத் தலைமுறையாக அலைகிற எங்கட சனம், காருக்கு மட்டும் வெறும் கடதாசியில் நம்பிக்கை வைக்கிறது விளங்கவில்லை.

எங்கள் காரை விற்கப் போனபோது தரகர் பதினொரு இலட்சம் எடுத்துத் தருகிறேன் என்றார். ஒரே நிபந்தனை, ஹெட் இறக்கினதையும் தரைத்தகட்டையும் சொல்லக் கூடாது. எங்களுக்குள் சண்டை வந்தது. ஒருவன் நியாயமாகத்தான் கேட்டான்: “எங்களுக்கு ஆர் சொன்னவை? நாங்கள் மட்டும் ஏன் சொல்லோணும்?” இரண்டு கிழமை கதைத்தோம். பிறகு ஒரு தாளில் எல்லாத்தையும் எழுதினோம்: எந்த மாதம் என்ன மாத்தினது, எது இன்னும் மாத்த வேணும், மழைக்கு எந்தக் கதவால் தண்ணி வரும். பில்களையும் சேர்த்துக் கட்டினோம். வாங்கினவர்கள் ஒரு பாலர் பாடசாலை ரீச்சரும் கணவரும். ஒன்பதரை இலட்சத்துக்குக் குடுத்தோம். உரிமை மாற்றத்துக்கும் அவர்களோடு சேர்ந்தே போனோம்.

கணக்கையும் சொல்கிறோம். வாங்கினது 875,000. திருத்தினது ஏறக்குறைய 160,000. விற்றது 950,000. பெற்றோலையும் இன்சூரன்சையும் விட்டால் இரண்டு வருடத்துக்கு 85,000 செலவு, ஆளுக்கு 21,250. வாயை மூடியிருந்தால் செலவுக்குப் பதிலாக ஆளுக்குப் பதினாறாயிரம் சொச்சம் லாபம் வந்திருக்கும். அதாவது உண்மை சொன்னதற்கு ஆளுக்கு 37,500 ரூபாய். எங்களுக்கு அது சின்னக் காசில்லை. ஒரு தவணைக்கு அறை வாடகையும் சாப்பாடும் அதுக்குள் அடங்கும். ‘நேர்மைக்கு விலை இல்லை’ எண்டு சொல்லுறது பொய். விலை இருக்கு, நாங்கள் குடுத்திருக்கிறோம்.

நாலு பேர் உண்மை சொன்னால் சந்தை மாறுமா எண்டு கேட்டால், மாறாது. ஆனால் அக்கர்லொவ் சொன்ன சிக்கல் வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருப்பதில்தான் தொடங்குகிறது. தெரியப்படுத்துகிற பழக்கம் எங்கள் வயசுக்காரருக்குள் வந்தாலே, குறைந்தது எங்களுக்குள் கைமாறுகிற கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும். சட்டம் வர வேணும்தான். விற்கிற வாகனத்துக்குப் பழுது விபரம் எழுதிக் குடுக்கிறதைக் கட்டாயமாக்க வேணும். அது வரும்வரைக்கும் ஒரு தாளும் பேனையும் போதும்.

ஆகவே நாலு விசயம். வாங்கும்போது, விற்கிறவர் காட்டுகிற மெக்கானிக்கிடம் போகாதேங்கோ. உங்கட ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, எஞ்சின் ஆறின நிலையில் ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கோ. ஒவ்வொரு பில்லையும் ஒரு கோவையில் போட்டு வையுங்கோ. வெறும் படிவத்தில் கையெழுத்து வைக்காதேங்கோ, வாங்கவும் வேண்டாம். விற்கும்போது குறையை எழுதிக் கையில் குடுங்கோ. அடுத்த முறை சந்தியில் ஒருவன் “அந்தக் காரை அவன்ர தலையில கட்டிட்டன்” எண்டு சொல்லிச் சிரித்தால், கூடச் சிரிக்காமல் ஒரு கேள்வி கேளுங்கோ: “ஆருடைய தலையில?”