தூரிகை எழுத்தும் நிக்காஹ் அழைப்பிதழும்

வடலூர் நாற்சந்தியின் விளம்பரப் பலகைகளை நோக்குங்கள். தூரிகையால் விரைந்து தீட்டியன போன்ற எழுத்துகள் தென்படும். அவற்றுள் பல கணினி எழுத்துருக்களே. 1942இல் அமெரிக்கர் இராபர்ட் ஸ்மித் வடித்த ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’ இவ்வகையில் புகழ்பெற்றது. ஓரெழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொடும். அதுவே அதன் நயம். ஆங்கிலப் பெயரை முழுதும் பெரிய எழுத்தில் அடித்தால் அந்நயம் போய்விடும்.

கடைப்பெயருக்கு இது அழகுதான். ஆனால் நிக்காஹ் அழைப்பிதழ் முழுவதையும் இதிலேயே அச்சிடுவது எனக்கு உடன்பாடன்று. தமிழில் புள்ளி மங்கினால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ‘ர’வும் துணைக்காலும் ஒன்றெனத் தோன்றும். மணமக்கள் பெயருக்கு மட்டும் இவ்வெழுத்தை வையுங்கள். நாள், நேரம், மண்டபம் ஆகியன தெளிந்த எழுத்தில் வரட்டும். அச்சகத்தார் தரும் மெய்ப்பை முதலில் வீட்டிலுள்ள நன்னிமாவிடம் கொடுங்கள். அவர் தடுமாறும் வரியை மாற்றச் சொல்லுங்கள்.