பனிவெளியில் பழுதுபார்க்கும் உரிமை

விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் நின்றுபோனால் அதைத் திறந்து பார்க்கவும், நின்ற காரணத்தைத் தானே விசாரித்து அறியவும், தன் கையாலேயே செப்பனிடவும் வாங்கியவனுக்குப் பூரண உரிமை உண்டு என்னும் கொள்கை, தெருமுனையில் மெக்கானிக் கிடைக்கும் நகரவாசிகளுக்குப் பணத்தையும் சௌகரியத்தையும் பற்றிய விவகாரமாகவே தோன்றக்கூடும். கனடாவின் வடகோடியில், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில், கடல்மீது உறைந்து கிடக்கும் பனிப்பரப்பில் சீல் வேட்டைக்குச் சென்று, ஊரிலிருந்து ஒரு பகல் பிரயாண தூரத்தில் வண்டி நின்றுபோய்த் தனித்திருக்கும் இனுவிட் பழங்குடிக் குடும்பத் தலைவனுக்கோ அது பிராணனைப் பற்றிய விஷயம். அந்த மனிதனின் நிலையிலிருந்து இக்கேள்வியைப் பார்ப்பதே நியாயம் என்பது என் கட்சி.

1999-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தனி நிர்வாகம் பெற்ற நுனாவுட் பிரதேசத்தில் 2021-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 37,000 மக்கள் 25 ஊர்களில் சிதறி வாழ்ந்தார்கள். ஓர் ஊரையும் மற்றோர் ஊரையும் இணைக்கும் நெடுஞ்சாலை அங்கே கிடையாது. கோடையில் கடற்பனி விலகும் குறுகிய காலத்தில் வரும் கப்பல்கள் ஆண்டு முழுமைக்கும் வேண்டிய பெட்ரோலையும் டீசலையும் இறக்கிவிட்டுப் போகும்; மற்றக் காலத்தில் அவசரமாக வேண்டிய உதிரிப்பாகம் எதுவாயினும் விமானத்தில்தான் வரவேண்டும். கடைச் சரக்குகளின் விலை ஏழைக் குடும்பங்களின் கைக்கு எட்டாத அவ்விடத்தில், வேட்டையில் கிடைக்கும் சீல் இறைச்சியும் கரிபூ மானிறைச்சியும் வீட்டாரின் ஆகாரம். அந்த வேட்டைக்குப் போய்வரும் வாகனம், முன்னே இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்னே சுழலும் ரப்பர்ப் பட்டையும் கொண்ட ஸ்நோமொபைல் என்னும் பனிவண்டி.

அவ்வண்டி பிறந்த இடம் ஒரு மெக்கானிக்கின் பட்டறை என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். கியூபெக் மாகாணத்தின் வால்கூர் என்ற சிற்றூரில் கராஜ் நடத்திவந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே, இளமை முதலே பனிமேல் ஓடும் வண்டியைப் பற்றிய பரிசோதனைகளில் ஈடுபட்டிருந்தவர். 1934-ம் ஆண்டுக் குளிர்காலத்தில், குடல்வால் நோய் கண்ட தம் இரண்டு வயது மகனைப் பனி அடைத்த பாதை வழியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்க இயலாமல் பறிகொடுத்தார். பற்சக்கரமும் பட்டையும் சேர்ந்த தம் அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை பெற்ற அவர், முதலில் பலர் ஏறிச் செல்லும் பெரிய பனிவண்டிகளையும், 1959-ல் ஸ்கி-டூ என்ற சிறு வண்டியையும் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அவ்வண்டி வடதுருவப் பிரதேசத்து வாழ்க்கையையே மாற்றிவிட்டது. பின்லாந்தின் வடக்கே ஸ்கோல்ட் சாமி மக்களிடையே அது விளைவித்த மாறுதல்களை மானிடவியலாளர் பெர்ட்டி பெல்ட்டோ 1973-ல் ஒரு தனி நூலாகவே எழுதினார். ரெயின்டீர் மேய்ப்பதற்கும் ரொக்கப் பணம் வேண்டும் என்ற நிலை அதனால் வந்ததையும், வசதியுடையோர் முன்னேற மற்றோர் மந்தையை இழந்ததையும் அந்நூல் எடுத்துக்காட்டியது.

கனடாவில் அம்மாறுதல் வேதனையோடு கலந்தே வந்தது. 1950-களிலிருந்து 1970-கள் வரை, இனுவிட் மக்களை நிலையான குடியிருப்புகளில் கொண்டுவந்து சேர்த்த காலத்தில், அவர்களுடைய சறுக்குவண்டி நாய்களை ஏராளமாகப் போலீசார் சுட்டுக் கொன்றதைக் கிகிக்தானி உண்மை ஆணையம் 2010-ல் விரிவாகப் பதிவுசெய்தது. 2019-ல் மத்திய அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. நாயை இழந்தவர்கள் வேட்டைக்குப் போக இயந்திரத்தை நம்பவேண்டியதாயிற்று. நாய் களைத்தால் இளைப்பாறி எழும், பனிப்புயலிலும் வீட்டின் திசை அறியும், தன் இரையைத் தன் எஜமானனோடு பகிர்ந்து உண்ணும். இன்ஜினுக்கு இந்தக் குணங்கள் எவையும் இல்லாமையால், அவற்றின் ஸ்தானத்தை ஓட்டுபவனுடைய அறிவுதான் நிரப்பவேண்டியிருக்கிறது. அந்த அறிவை இனுவிட் வேட்டையாளர்கள் எந்தப் பள்ளிக்கூடமும் போகாமல், ஒரே தலைமுறைக் காலத்தில், திறந்த வெளியில் சம்பாதித்தார்கள். அது எத்தகைய அறிவு என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் இன்று அதற்கு நேர்ந்திருக்கும் ஆபத்து விளங்கும்.

பெட்ரோல் எரிகிறது என்று சொல்கிறோமாயினும், உண்மையில் எரிவது அதிலிருந்து எழும் ஆவியே. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 43 டிகிரியில் அந்த ஆவி தீப்பற்றும் அளவுக்கு எழுவதே அரிதாகிவிடுகிறது. ஆகவே, சோக்கை இழுத்து அதிகப் பெட்ரோல் கொடுக்காமல் குளிர்ந்த இன்ஜின் உயிர் பெறாது. காற்றின் சங்கதி வேறு. நம் சென்னையின் 30 டிகிரிக் காற்றைவிட அங்குள்ள, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிர்க் காற்று ஏறத்தாழ 30 விழுக்காடு அடர்த்தியானது; காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் அதே கார்புரேட்டர் வழியே பிராணவாயு மிகுதியாகப் புக, பெட்ரோல் பழைய அளவிலேயே வந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்து, எரியும் உஷ்ணம் ஏறி, பிஸ்டனின் தலை உருகித் துளைபட்டுவிடும். நம் ஊர்ப் பழைய ஸ்கூட்டர்களில் இருந்ததைப் போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் மசகெண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே செல்வதால், பெட்ரோல் வரத்துக் குறைவது இரட்டை அபாயம். அதனால்தான் விஷயம் அறிந்தவர்கள் குளிர் கடுமையானவுடன் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டைக் கழற்றிப் பெரிய துளையுள்ள ஒன்றைப் பொருத்துகிறார்கள். வெளியே எச்சில் உறையும் குளிரில் இன்ஜின் சூட்டினால் அழிகிறது என்ற இந்த உண்மையை அறியாத புதியவர்கள் எத்தனையோ இன்ஜின்களைப் பாழாக்குகிறார்கள்.

வண்டி கிளம்ப மறுத்தால் விசாரணை கயிற்றில் தொடங்குகிறது. இழுக்கும் கயிறு அசையாவிட்டால் உள்ளே ஏதோ உறைந்திருக்கிறது, அல்லது பிஸ்டன் சிலிண்டரில் கவ்விச் சீஸ் ஆகியிருக்கிறது. கயிறு இழுபட்டும் இன்ஜின் மௌனமாயிருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும்; இந்த விசாரணையில் முதல் சாட்சி அதுவே. பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது, அல்லது பொறி விழவில்லை. அதன் முனையின் நிறம் இளம் பழுப்பாயிருந்தால் கலவை சரி; வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, உடனே நிறுத்தவேண்டும்; கறுத்துக் கசடு படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சொல்வதற்கு எளிதாயிருக்கும் இந்தப் பரீட்சையைச் செய்பவனுடைய கைகளை நினைத்துப் பார்க்கவேண்டும். கையுறையோடு பிளக்கைத் திருகமுடியாது. கையுறை கழற்றிய விரல்கள் சில நிமிஷங்களில் மரத்துப்போகும். அந்தக் குளிரிலும் பெட்ரோல் உறையாமல் திரவமாகவே இருப்பதால், அது விரலில் சிந்தினால் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரித் திரவம் தோலில் பட்டது என்றே பொருள். பட்ட இடத்துச் சதை அக்கணமே குளிரில் வெந்துபோகும். ஆகவே தேர்ந்தவர்கள் மாற்றுப் பிளக்குகளை உடம்பின் சூடு படும்படி உட்சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். எந்தத் திருகை எந்த வரிசையில் தொடவேண்டும் என்பதை மனத்துக்குள் கிரமப்படுத்திக்கொண்ட பிறகே கையுறையைக் கழற்றுவார்கள்.

இன்னும் நுட்பமான ஒரு வியாதி உண்டு. நன்றாகக் கிளம்பிய வண்டி கொஞ்ச நேரம் ஓடியபின் தானே திணறி நிற்கும். சற்றுப் பொறுத்து இழுத்தால் மறுபடி ஓடும். மறுபடியும் அதே போல நிற்கும். பாட்டரியையும் பிளக்கையும் சந்தேகித்து நேரத்தை வீணாக்காமல், பெட்ரோல் டாங்கின் மூடியைச் சற்றே தளர்த்தினால், ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்கக்கூடும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று நுழையவேண்டிய சிறு குழாயில் உறைபனி அடைத்துக்கொள்ள, டாங்கினுள் வெற்றிடம் உண்டாகி, பம்பு எவ்வளவு முயன்றும் பெட்ரோல் வராமற்போனதே காரணம். ஓசை கேட்கவில்லையென்றால் கார்புரேட்டரைப் பார்க்கவேண்டும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தைத் தனக்கென்று கவர்ந்துகொள்வதால், காற்றிலுள்ள ஈரம் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைப்பதும் உண்டு. ஒரே அடையாளங்கொண்ட இரண்டு நோய்களை ஓர் ஓசையால் பிரித்தறியும் இவ்வித்தையைக் கைதேர்ந்த வைத்தியனின் நாடிப் பரீட்சைக்கு ஒப்பிடுவேன்.

பெட்ரோலில் கலந்த தண்ணீர் பற்றி நீட்டவேண்டியதில்லை. பாதி காலியான பீப்பாயின் உட்சுவரில் வியர்க்கும் ஈரமும், பெட்ரோல் ஊற்றும்போது டாங்கில் விழும் பனித்தூளும் வடிகட்டியில் கட்டியாகி இன்ஜினை நிறுத்திவிடும். தண்ணீரோடு கலந்து அதை உறையவிடாமல் செய்யும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சிறிது சேர்ப்பது வழக்கமான சிகிச்சை. ஆக்சிலரேட்டர் கேபிளின் உறைக்குள் புகுந்த நீர் உறைந்து, விசை திறந்தபடியே நின்றுவிடுவது மட்டும் கொடியது. வண்டி கட்டுமீறிப் பாயும்போது இன்ஜினை நிறுத்துவதற்கென்று, ஓட்டுபவனின் உடையோடு பிணைத்த கயிறு ஒன்றை எந்நாளும் மாட்டிக்கொள்ளவேண்டும்.

பொறுமையின்மையால் வரும் சேதமும் உண்டு. உஷ்ணத்தால் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் சுமார் இரு மடங்கு விரிகிறது. கிளம்பியவுடன் வண்டியை விரட்டினால், தீயின் நடுவிலிருக்கும் அலுமினியப் பிஸ்டன் விரைந்து பருக்க, குளிரில் கிடந்த சிலிண்டர் அதற்கு இடங்கொடாமல், இரண்டும் கவ்விக்கொள்ளும். திரவத்தால் குளிர்விக்கப்படும் இன்ஜின்களிலும் இந்த விபத்து நேருகிறது. அவற்றுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது: பட்டை வாரியிறைக்கும் பனித்தூள் அடிப்புறத்துக் குழாய்களில் பட்டுத்தான் அந்தத் திரவம் தணியவேண்டியிருப்பதால், காற்று துடைத்துவிட்ட கட்டிப்பனியின் மீது தூள் எழாமல், கடுங்குளிரிலேயே இன்ஜின் கொதித்துவிடுகிறது. இக்காரணத்தாலேயே, விசிறிக் காற்றால் குளிர்வதும், கயிற்றால் கிளம்புவதும், எளிய கார்புரேட்டர் கொண்டதுமான சிறு வண்டிகள் வடக்கே பெரிதும் விரும்பப்பட்டன. 1971 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட எலான் என்ற வண்டியைப் பொறிவைத்து விலங்கு பிடிப்பவர்கள் இன்றும் பேணிவைத்து ஓட்டுகிறார்கள். ஸ்பானரும் திருப்புளியும் கொண்டு அதை முழுவதும் பிரித்துக் கோக்கலாம்.

பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் கார்புரேட்டர் மறைந்து, கணினி அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் முறை வந்துவிட்டது. அதன் நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. குளிருக்குத் தக்கபடி கலவையைத் தானே திருத்திக்கொள்வதால் மெயின் ஜெட் மாற்றும் தொல்லை இல்லை, புகை குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் 2002-ல் வகுத்து 2006 மாடல் வண்டிகள் முதல் அமலாக்கிய புகை விதிகளும் இம்மாற்றத்துக்குத் தூண்டுகோலாயின, அவ்விதிகள் நியாயமானவையே. நான் ஆட்சேபிப்பது கணினியை அன்று, கணினிக்குப் போட்ட பூட்டை. ஓர் உணர்கருவி பழுதானதை அறிந்து இன்ஜினை நிறுத்திவிடும் கணினி, அந்தப் பழுது இன்னதென்பதை வண்டியின் சொந்தக்காரனுக்கு உரைக்காமல், விற்பனையாளரிடம் மட்டும் உள்ள மென்பொருளுக்கே உரைக்குமாயின், அந்த விற்பனையாளர் ஆயிரம் மைலுக்கு அப்பால் விமானம் ஏறிப் போகவேண்டிய ஊரில் இருக்குமாயின், தலைமுறை அநுபவத்தால் பெற்ற அறிவு அத்தனையும் அந்தக் கணத்தில் பயனற்றதாகிவிடுகிறது. பிளக்கைப் படிக்கத் தெரிந்த மனிதன், படிக்கவொட்டாத பெட்டியின் முன் கைகட்டி நிற்கிறான்.

இதற்குச் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பலர் உயிரை அது காத்திருக்கிறது, ஒவ்வொரு வேட்டையாளரிடமும் அது இருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பனிப்புயலில் விமானம் பறக்காது. அப்போது தேடிப்போகிறவர்கள் ஊரிலுள்ள தொண்டர்களும், 1947-ல் அமைக்கப்பட்ட கனடிய ரேஞ்சர் படையினருமே. அவர்களும் தங்கள் சொந்தப் பனிவண்டிகளில்தான் செல்கிறார்கள். பழுதுபார்க்க முடியாத வண்டிகள் பெருகினால், காக்கப் போகிறவர்களும் அதே ஆபத்துக்கு ஆளாவார்கள்.

சட்டம் மெல்ல அசையத் தொடங்கியிருக்கிறது. கியூபெக் மாகாணம் 2023-ல், பண்டங்கள் விரைவில் கெட்டுப்போகும்படி வேண்டுமென்றே செய்வதைத் தடுத்து, பழுதுபார்க்கும் வசதியை வளர்க்கச் சட்டம் இயற்றியது. 2024 நவம்பரில் கனடிய நாடாளுமன்றத்தின் சி-244 மசோதா சட்டமாகி, பழுதை அறியவும் நீக்கவும் மின்னணுப் பூட்டை உடைப்பது பதிப்புரிமைக் குற்றமாகாது என்று ஆக்கியது. இது நல்ல ஆரம்பம். எனினும் பூட்டை உடைப்பவனைத் தண்டியாமல் விடுவதும், சாவியைக் கொடுக்கும்படி பூட்டியவனைப் பணிப்பதும் ஒன்றாகா. உதிரிப்பாகத்தையும் பழுதறியும் கருவியையும் தந்தே ஆகவேண்டும் என்ற கடமையை சி-244 சட்டம் தயாரிப்பாளர் மீது சுமத்தவில்லை.

அக்கடமையைச் சுமத்துவது கனடிய நாடாளுமன்றத்தின் அடுத்த வேலையாக வேண்டும். வடக்கே விற்கப்படும் ஒவ்வொரு பனிவண்டியும் தன் பழுதின் பெயரைத் தன் முகப்பிலேயே காட்டவேண்டும். உணர்கருவி ஒன்று கெட்டாலும், மெதுவாகவேனும் ஊர் வந்துசேரும் அளவுக்கு இன்ஜின் ஓடவேண்டும். பாட்டரி செத்தாலும் கயிற்றால் கிளப்ப வழி இருக்கவேண்டும். பழுதுபார்க்கும் கையேடு இனுவிட் மக்களின் இனுக்டிடுட் மொழியிலும் அச்சாகி வண்டியோடு வரவேண்டும். இவற்றுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. தயாரிப்பாளர்கள் தாமாகச் செய்தால் பாராட்டுவோம். செய்யாவிடின் சட்டம் செய்விக்கட்டும்.