எட்டில் எனக்குப் பிடித்த மூன்றாவது

என் பேத்திக்கு ஹாரி பாட்டர் என்றால் உயிர். ஏழு புத்தகங்களையும் பலமுறை படித்தவள். 2001 முதல் 2011 வரை வந்த எட்டுப் படங்களையும் அவளோடு உட்கார்ந்து பார்த்த புண்ணியத்தில் எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிட்டது. எது சிறந்தது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: மூன்றாவது. 2004-இல் வந்த 'அஸ்கபான் கைதி'.

"போங்க தாத்தா, அதுலதான் முக்கியமானதையெல்லாம் வெட்டிட்டாங்க" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த மந்திர வரைபடத்தைச் செய்தவர்கள் ஹாரியின் தந்தையும் அவருடைய மூன்று நண்பர்களும் என்பதைப் படம் சொல்லவே இல்லை. கடைசிக் காட்சியில் துடைப்பத்தில் பறக்கும் ஹாரியின் முகத்தைக் கலைத்து அப்படியே நிறுத்திவிட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான்.

முதல் இரண்டு படங்களை இயக்கியவர் கிறிஸ் கொலம்பஸ். பார்க்க அழகானவை, ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு. மூன்றாவதற்கு மெக்சிகோக்காரரான அல்ஃபோன்சோ குவாரோன் வந்தார். வந்தவுடன், நடிக்கும் பிள்ளைகள் மூவரையும் அவரவர் பாத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொன்னாராம். டேனியல் ராட்கிளிஃப் ஒரு பக்கம் எழுதினார். எம்மா வாட்சன் 16 பக்கம். ரூபர்ட் கிரின்ட் எழுதவே இல்லை. மூவரும் அவரவர் பாத்திரமாகவே நடந்துகொண்டார்கள் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்தப் படத்தில் வோல்டமோர்ட் தலைகாட்டுவதே இல்லை. அவனுக்குப் பதில் டிமென்டர்கள். ரயில் பெட்டிக்குள் அது நுழையும்போது கண்ணாடியில் பனி படர்கிறது. மனிதனுக்குள் இருக்கும் சந்தோஷத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. தமக்கு வந்த மனச்சோர்வு நோயிலிருந்துதான் அவற்றைப் படைத்ததாக ரௌலிங் அம்மையார் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சில் இந்தப் புத்தகங்களை மொழிபெயர்த்த ழான்-பிரான்சுவா மெனார் அவற்றுக்கு வைத்த பெயர் 'தெத்ராக்கர்'. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்தப் பெயரைக் கேட்டதும் புரிந்துவிட்டது. கடிகாரம் கெட்டுப்போனால் 'தெத்ராக்கே' என்போம். வயிறு கெட்டாலும், புத்தி பேதலித்தாலும் அதே சொல்தான். உள்ளே இருக்கும் யந்திரத்தைக் குலைப்பவன் என்று பொருள். படம் முழுக்கக் கடிகாரமும் பெண்டுலமுமாக வருவதைப் பார்த்தபோது அந்தப் பெயர் இன்னும் பொருத்தமாகப் பட்டது.

அடுத்து, சிரியஸ் பிளாக். நண்பனைக் காட்டிக்கொடுத்தான், கொலை செய்தான் என்று 12 வருடம் சிறையில் கிடந்தவன். உண்மையில் குற்றம் செய்தவன் பெட்டிக்ரூ. அவனோ எலியாக மாறி ஒரு வீட்டில் வளர்ப்புப் பிராணியாகச் சுகமாக இருந்திருக்கிறான். உண்மை தெரிந்த பிறகாவது சிரியஸுக்கு நியாயம் கிடைக்கிறதா என்றால், இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருவர் சொல்வதை எவரும் நம்பப் போவதில்லை என்று டம்பிள்டோரே சொல்லிவிடுகிறார். கடைசியில் அவன் தப்பித்துப் போகிறான், அவ்வளவுதான். பதிவேட்டில் குற்றவாளி குற்றவாளியாகவே இருக்கிறான். ஓர் அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்கு இது மாயாஜாலக் கதையாகத் தோன்றாது.

மூன்றாவது காரணம் அந்த ஏரி. டிமென்டர்கள் சூழ்ந்து, ஹாரியும் சிரியஸும் உயிர் போகும் நிலையில் கிடக்கும்போது எதிர்க்கரையிலிருந்து ஓர் ஒளி வந்து காப்பாற்றுகிறது. வந்தது செத்துப்போன அப்பாதான் என்று ஹாரி நம்புகிறான். பிறகு ஹெர்மைனியின் கால யந்திரத்தால் சில மணி நேரம் பின்னோக்கிப் போய், அதே ஏரியின் எதிர்க்கரையில் நின்று அப்பாவுக்காகக் காத்திருக்கிறான். யாரும் வரவில்லை. இனி யாரும் வரப்போவதில்லை என்று ஹெர்மைனி சொல்கிறாள். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது, தான் பார்த்த ஆள் தானேதான் என்று. ஓடிப்போய் மந்திரக்கோலை நீட்டுகிறான்.

அந்தக் காட்சியை முதல் தடவை பார்த்தபோது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். பேத்தி காரணம் கேட்டாள், தாகம் என்றேன்.

நான் எழுத்தராக இருந்த காலத்தில், கூட வேலை பார்த்த ஒருவர் மேல் பணக் குறைவுக்கான பழி விழுந்தது. தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். பதிவேட்டில் அந்தத் தொகையைத் திருத்தியது அவர் கையெழுத்து அல்ல. யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் பார்த்த கையெழுத்து. விசாரணையில் என்னை யாரும் கேட்கவில்லை. நானாகவும் போய்ச் சொல்லவில்லை. சூப்பிரண்டு சொல்வார், சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள், பெரியவர்கள் யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. சில வருடம் கழித்து அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் பதவி உயர்வு போயிற்று, பென்ஷன் குறைந்தது. கடைசிவரை என்னைப் பார்த்தால் சிரித்துக்கொண்டேதான் பேசினார். அவர் இப்போது இல்லை.

பிள்ளைகள் படத்தில் இவ்வளவு தேடலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தேடிப் போகவில்லை, அதுவாக வந்து நின்றது. மற்ற படங்களில் எல்லாம் நல்லவன் கெட்டவனோடு சண்டை போடுகிறான். எனக்கு அப்படி ஒரு சண்டை வாய்த்ததே இல்லை. உங்களில் பலருக்கும் வாய்த்திருக்காது. ஆனால் யாராவது வருவார்கள் என்று ஒரு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும்.

பேத்தியிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தப் பக்கத்தை அவள் படிப்பாள் என்று தெரியும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.