உதடு மட்டும் அசைந்தால் போதுமா?

சென்ற பொங்கல் விழாவுக்கான ஒத்திகை முடிந்து வீடு திரும்பிய என் பேத்தியிடம், "என்னம்மா, பாட்டு நன்றாக வந்ததா?" என்று கேட்டேன்.

"நான் பாடவே வேண்டாமாம் தாத்தா. ரெக்கார்டு ஓடுமாம். வாயை மட்டும் அசைச்சா போதும்னு ஆன்ட்டி சொல்லிட்டாங்க" என்றாள். ஒன்பது வயதுப் பெண். ஒரு மாத காலமாக அந்தப் பாட்டை மனப்பாடம் செய்து, சமையலறையிலும் மாடிப்படியிலும் பாடித் திரிந்தவள்.

விழா நடந்தது. கைதட்டலும் பலமாகத்தான் இருந்தது. யாருடைய குரலுக்குக் கை தட்டினோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

விழாக் குழுவினரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. இங்கே பூனாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ழகரமும் றகரமும் எளிதில் வருவதில்லை. சுருதி விலகலாம், வரி மறந்து போகலாம். வந்திருக்கும் விருந்தினர் முன்னால் எதற்குத் தலைகுனிவு என்று நினைக்கிறார்கள்.

இந்த இடத்தில் சற்றும் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் ஓர் ஆங்கில ராக் பாட்டைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். என் மகன் கல்லூரி நாட்களில் வீடு அதிரக் கேட்ட பாட்டு அது. 'குயீன்' குழுவினரின் 'பொஹீமியன் ராப்சடி'. அப்போதெல்லாம் "சத்தத்தைக் குறைடா" என்று சொன்னதோடு என் ரசனை முடிந்தது. அதன் பின்னணியை அறிந்துகொண்டது பின்னாளில்தான்.

அதை இயற்றிப் பாடிய ஃப்ரெட்டி மெர்க்குரி நமக்கு அவ்வளவு தூரத்து மனிதர் அல்லர். இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. குஜராத்தை வேராகக் கொண்ட பார்சிக் குடும்பத்தில், 1946-இல் சான்சிபாரில் பிறந்தவர். எட்டு வயதில் நம் ஊருக்கு அருகிலுள்ள பஞ்ச்கனியின் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில் சேர்க்கப்பட்டார். பியானோ பயின்றதும், நண்பர்களுடன் முதல் இசைக்குழு அமைத்ததும் அங்கேதான். 1964-இல் அவர் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. அவரும் நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் போனவர்.

1975-இல் வெளிவந்த இந்தப் பாட்டின் நீளம் 5 நிமிடம் 55 வினாடி. இவ்வளவு நீளமானதை எந்த வானொலி ஒலிபரப்பும் என்று கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். பல்லவி, அனுபல்லவி என்பதுபோல் திரும்பி வரும் பகுதியே அதில் கிடையாது. மெதுவான பாட்டாகத் தொடங்கி, கிடார் தனி ஆவர்த்தனமாகி, இடையில் இத்தாலிய ஆப்பரா பாணிக் கூட்டுக்குரலாக மாறி, பின் முழு வேக ராக் இசையாகி, கடைசியில் மெல்ல அடங்குகிறது.

அந்த ஆப்பராப் பகுதியில் பெருங்கூட்டம் பாடுவதுபோல் கேட்கும். பாடியவர்கள் மூன்றே பேர். 24 தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் குரலின் மேல் குரலாக ஏற்றி, அந்தப் பகுதிக்கு மட்டும் ஏறக்குறைய மூன்று வாரம் உழைத்தார்கள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் நாடாவின் மேல் பூசிய இரும்பு ஆக்சைடு கொஞ்சம் தேயும். முடிவில் வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டதாம்!

சரி, மூன்று பேர் இதை மேடையில் எப்படிப் பாடுவது? பாட முடியாது. நாடாவை ஓடவிட்டு உதட்டை அசைத்திருந்தால் கூட்டத்தில் பலருக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. முதல் பகுதியைப் பியானோவில் அமர்ந்து மெர்க்குரி சொந்தக் குரலில் பாடுவார். ஆப்பராப் பகுதி வந்ததும் மேடையை விட்டே இறங்கிவிடுவார்கள். நாடா ஓடும், விளக்குகள் விளையாடும். ராக் பகுதி தொடங்கும் கணத்தில் திரும்ப மேடையேறி வாசிப்பார்கள். "இது எங்களால் இங்கே பாட இயலாதது" என்று வாய்விட்டுச் சொல்லாமல் சொல்வதுதானே அது!

1985 ஜூலை 13 அன்று, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில், சுமார் 72 ஆயிரம் பேர் முன்னிலையில் இந்தப் பாட்டோடுதான் தொடங்கினார்கள். ஆப்பராப் பகுதி வருமுன் நிறுத்திவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. இருபது நிமிட அந்த நிகழ்ச்சியை இன்றும் பேசுகிறார்கள்.

"சினிமாவில் நடிகர்கள் வாயசைக்கவில்லையா?" என்று கேட்கலாம். அசைக்கிறார்கள். ஆனால் பின்னணி பாடியவர் பெயர் திரையில் வருகிறது. பார்ப்பவருக்கும் அது தெரியும். அங்கே ஏமாற்று இல்லை. ரயில்வேயில் எங்களுக்கு ஒரு பால பாடம் உண்டு: பழுதான சிக்னல் சிவப்பைக் காட்டி வண்டியை நிறுத்தலாம், தவறியும் பொய்ப் பச்சை காட்டக் கூடாது. நம் பிள்ளைகள் தமிழில் தடுமாறுவது சிவப்பு விளக்கு. அதைப் பார்த்தால்தான் பெற்றோர் நின்று கவனிப்பார்கள். ஒலிப்பதிவால் அதை மூடி மறைத்தால் எல்லாம் பச்சை என்று எண்ணி வீட்டுக்குப் போய்விடுவோம்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. "உன் தமிழ் சபைக்கு லாயக்கில்லை" என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். விழாவுக்குப் பிறகு என் பேத்தி அந்தப் பாட்டை ஒரு முறைகூடப் பாடவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். வருகிற சித்திரை விழாவில் நடனங்களுக்கு ஒலிப்பதிவு தாராளமாக இருக்கட்டும். ஆனால் வாய்ப்பாட்டு என்று அறிவித்தால் அது வாயிலிருந்தே வரட்டும். ஒரு சுருதிப் பெட்டியும் ஒரு மைக்கும் போதும். பெரிய பாட்டு முடியாவிட்டால் இரண்டு அடி பாடட்டும். விருந்தினர் முகம் சுளித்தால் பதில் சொல்ல நாம் பெரியவர்கள் இருக்கிறோம்.

முதல் பெயராக என் பேத்தியின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவள் சம்மதிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது.