முகவரி இல்லாத நோயாளர்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் திருவிழா நிறைவெய்தும். அடியார் கூட்டம் ஊர் திரும்பும். திரும்புவதற்கு ஊரோ வீடோ இல்லாத சிலர் எந்தத் திருத்தலத்திலும் எஞ்சி நிற்பர். கோயில் வீதியும் சந்தைத் திண்ணையும் பேருந்து நிலையமுமே அவர்க்கு இல்லம். இத்தகையோரை நாடி மருத்துவ மாணவர்கள் தெருவுக்கு வரும் வழக்கம் வேறு நாடுகளில் வேரூன்றியுள்ளது. மட்டக்களப்பு நகரில் போதனா வைத்தியசாலையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வியும் இருக்கையில், அது நமக்கும் உரிய ஆராய்ச்சியே.

அரசாங்க வைத்தியசாலையில் கட்டணம் இல்லையே, அவர்கள் அங்குச் சென்றால் என்ன என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். ஆயின் விடை நம் சுகாதார அமைப்பின் அடித்தளத்திலேயே கிடக்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, பின்னர் நாடெங்கும் பரவித் தாய் சேய் மரணங்களைக் குறைப்பதில் பெரும்பங்கு கொண்டது. குடும்ப நல மருத்துவிச்சி வீடு வீடாகச் சென்று பதிவேடு வைப்பதே அதன் உயிர்நாடி. வீடில்லாதவன் அப்பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் இடம்பெறுவான்?

2004 டிசம்பர் 26ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். அமிர்தகழிக்கு அண்மையில், வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நாவலடியை ஆழிப்பேரலை சிதைத்தது. மாவட்டமெங்கும் பல்லாயிரவர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஒதுங்கினர். கிணறுகளுக்குக் குளோரின் இடப்பட்டது. முகாம்களுக்குச் சுகாதாரப் பரிசோதகர் சென்றனர். வெளிநாட்டு வைத்தியர்களும் வந்தனர். பலரும் அஞ்சிய கொள்ளைநோய் இந்நாட்டில் பெரிதாகத் தலைகாட்டவில்லை. ஊரே ஒருங்கு வீடிழந்தபோது முகாமே முகவரியாயிற்று. ஒருவன் தனித்து வீடிழந்தாலோ, அது குடியினாலாகட்டும், மனநோயினாலாகட்டும், பிள்ளைகள் கைவிட்டமையாலாகட்டும், அவனுக்கென்று ஒரு முகாமை எவரும் திறப்பதில்லை.

மாணவனுக்கு இங்கே பாடம் காத்திருக்கிறது. "மூன்று வேளையும் உணவுக்குப் பின்" என்று எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டு, மூன்று வேளை உணவு இருப்பதாகக் கொள்கிறது. ஒருவேளை அன்னதானத்தையே நம்பியிருப்பவனிடம் அச்சீட்டு என்ன செய்யும்? பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் குப்பியை 30 பாகை வெப்பத்துக்கு மிகாமல் வைத்தால் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது. சித்திரை வெயிலில் திண்ணையில் கிடப்பவன் அதை எங்கே வைப்பான்? நீரிழிவுக்காரன் வெறுங்காலோடு நடக்கிறான். முள் தைத்ததும் தெரியாது. புண் அழுகி நாறிய பிறகே பிறர் கண்ணில் படுகிறது. கிழமைக்கு இரு தடவை ஒருவர் அந்தக் காலைக் கழுவித் துடைத்துப் பார்த்திருந்தால், காலையே வெட்டும் நிலை பெரும்பாலும் நேர்ந்திராது. இதற்குப் பேரறிஞர் வேண்டாம்; கூச்சமற்ற ஓர் இளைஞன் போதும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜிம் விதர்ஸ் என்னும் வைத்தியர் 1992இல் கந்தலுடை அணிந்து, முன்னர் தெருவில் வாழ்ந்த ஒருவரைத் துணைக்கொண்டு, இரவில் பாலங்களின் அடியிலே நோயாளரைத் தேடினார். பின்னர் மாணவரும் அவரோடு சேர்ந்தனர். வேடம் நமக்கு வேண்டியதில்லை. வழிகாட்டியாக வந்த அந்தத் துணைவரே அம்முயற்சியில் நான் பெரிதும் மதிப்பவர்.

எனினும் ஓர் ஐயம் என்னை விட்டு நீங்கவில்லை. ஒரு நாள் முகாம், பதாகை, நிழற்படம், மறுநாள் வெறுந்திண்ணை. இத்தகைய சேவையை நாம் போதுமான அளவு கண்டிருக்கிறோம். மாணவனுக்குப் பரீட்சை வரும், விடுமுறை வரும், வேறு அணி வரும். சயரோகத்துக்கோ ஆறு மாதம் நாள் தவறாது மருந்து செல்ல வேண்டும். மேலும், பதிவு பெறாத மாணவன் தானே மருந்து எழுதுதல் ஆகாது. உடன் ஒரு வைத்தியர் நிற்க வேண்டும். வறியவர் உடல் பழகிப் பார்க்கும் களமன்று.

ஆகவே மாணவர் முதலிற் செய்யத்தக்கது மருந்து வழங்குவதன்று. ஒரு தடித்த கொப்பி திறக்கட்டும். பெயர், இரவில் படுக்கும் இடம், புண்ணின் அளவு, கிளினிக் நாள், உடன் அழைத்துச் செல்பவர் யார் என்பன அதில் ஏறட்டும். அதன் ஒரு பிரதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருக்கட்டும். விடுமுறைக் காலத்தில் அக்கொப்பி யார் கையில் இருக்கும் என்பதை மட்டும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.