எழுத்து ஒன்று, ஏவல் வேறு



வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் மகன் மேக் கணிப்பொறி ஒன்றைக் கொண்டு வருகிறான். அதுவரை விண்டோஸில் இருந்த நிகாஹ் புகைப்படங்களும், நிலப்பத்திர நகல்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும் அதற்கு மாற்றப்படுகின்றன. இந்நிலையில்தான் நம் கைப்பழக்கமே நமக்கு எதிராகத் திரும்புகிறது. ஆகவே சில விசைகளை முன்கூட்டியே அறிந்து கொள்வது நன்று.

விண்டோஸில் 'கண்ட்ரோல்' விசை செய்யும் பணியை மேக்கில் பெரும்பாலும் 'கமாண்ட்' விசை செய்கிறது. அது இடைவெளிப் பட்டையின் அருகிலேயே உள்ளது. கமாண்டுடன் சி நகலெடுக்கும், வி ஒட்டும், இசட் கடைசியாகச் செய்ததை மீட்கும். இவற்றில் குழப்பமில்லை.

வேறுபாடுகளைக் கவனியுங்கள். கோப்பினைத் தேர்ந்து ரிட்டர்ன் விசையை அழுத்தினால் விண்டோஸில் அது திறக்கும். மேக்கிலோ பெயரை மாற்றச் சொல்லும். திறப்பதற்குக் கமாண்டுடன் ஓ அழுத்த வேண்டும். திறக்காமலே உள்ளே என்னவென்று பார்க்க இடைவெளிப் பட்டையைத் தட்டினால் போதும்.

வெட்டி ஒட்டும் முறையை 1970களில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களுள் ஒருவர் லாரி டெஸ்லர். பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 2020இல் காலமானார். ஆயினும் மேக்கில் கோப்பினை எக்ஸ் விசையால் வெட்ட இயலாது. முதலில் கமாண்டுடன் சி அழுத்தி, சேர வேண்டிய இடத்திற்குச் சென்று, ஆப்ஷன், கமாண்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். நகலா, இடமாற்றமா என்பது சேருமிடத்திலேயே முடிவாகிறது.

எல்லாவற்றிலும் வியப்பானது டி எழுத்து. மேக்கில் கமாண்டுடன் டி அழுத்தினால் கோப்பிற்கு ஒரு நகல் உருவாகும். விண்டோஸில் கண்ட்ரோலுடன் டி அழுத்தினால் அக்கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகும்! எழுத்து ஒன்று; ஏவலோ நேர்மாறு.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது கோப்புறைகளில். 'குடும்பம்' என்னும் கோப்புறை இருக்குமிடத்தில் அதே பெயருள்ள இன்னொன்றைக் கொண்டு வந்தால், விண்டோஸ் இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒன்று சேர்க்கும். மேக்கில் 'ரிப்ளேஸ்' என்பதற்கு இசைந்தால் பழைய கோப்புறை முழுவதும் அகன்று, புதியது அவ்விடத்தில் அமரும். பழையதில் மட்டுமே இருந்த உம்மாவின் படமும் அத்துடன் போய்விடும். எனவே ஐயமிருப்பின் நிறுத்திவிட்டு, பெயரை மாற்றிய பின் தொடருங்கள்.

அழிக்கக் கமாண்டுடன் டெலிட் அழுத்தினால் கோப்பு குப்பைத்தொட்டியில் தங்கும்; மீட்கலாம். அவற்றுடன் ஆப்ஷனும் சேர்ந்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாமல் அப்போதே அழிந்துவிடும். திரையில் எழும் எச்சரிக்கையைப் படிக்காமல் இசையாதீர்கள்.

அன்பர்களே! புதிய கணிப்பொறி வந்த நாளில், வேண்டாத நான்கு கோப்புகளை ஒரு கோப்புறையிலிட்டு, அவற்றிலேயே நகலெடுத்தும், இடம் மாற்றியும், அழித்து மீட்டும் பழகுங்கள். அரைமணி நேரம் போதும். குடும்ப ஆவணங்களின் பிரதியொன்றைத் தனி வட்டில் சேமித்த பின்னரே இடமாற்றத்தைத் தொடங்குங்கள். பழைய கணிப்பொறியில் உள்ளவற்றை, புதியதில் எல்லாம் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு அழித்தால் போதும். பிழை நேர்ந்தாலும் பொருள் நம்மிடமே இருக்கும்.